பந்து கிளம்பும் முன்பே கிளம்புகிறவர்: கல்லூரி சேஃப்டியிடம் என்எஃப்எல் தரத்தைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

2021 செப்டம்பர் 5. ஃப்ளோரிடா ஸ்டேட் மைதானத்தில் நோட்ர டேம் அணி அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் பக்கக் கோட்டை ஒட்டி நீளமாக ஒரு பந்தை வீசுகிறார். நோட்ர டேமின் சேஃப்டி (தற்காப்பில் கடைசியாக நிற்பவர்) கைல் ஹாமில்டன் நின்றதோ மறுபக்க ஹாஷ் கோட்டருகே, அதாவது மைதானத்தின் நடுப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு குறிக்கோடுகளில் ஒன்றின் அருகே. தொலைக்காட்சித் திரையில் அவர் இல்லவே இல்லை. பந்து இறங்குகிற நேரத்தில் திரைக்குள் வந்து, கோட்டுக்குள் காலை ஊன்றி, அதைப் பறித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு கம்பைனில் (தொழில்முறை லீக்கான என்எஃப்எல், கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு நடத்தும் சோதனை) அவர் 40 கஜத்தை 4.59 வினாடியில் ஓடினார். 6 அடி 4 அங்குல உயரத்துக்கு அது மோசமான வேகமில்லை. ஆனாலும் 'மெதுவாக ஓடுகிறார்' என்ற பேச்சு பரவியது. முதல் ஐந்து இடங்களுக்குள் போவார் என்று பலர் சொன்ன ஆள், அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 14ஆவதாக பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார். 2023இல், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார்.

அந்த இன்டர்செப்ஷனை (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) நான் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதலில் ஓட்டத்தைத்தான் ரசித்தேன். அப்புறம்தான் புரிந்தது, விஷயம் அவர் எப்படி ஓடினார் என்பதில் இல்லை, எப்போது கிளம்பினார் என்பதில் இருக்கிறது. ஒரு சேஃப்டி தொழில்முறை ஆட்டத்தில் நிலைப்பாரா என்று பார்க்க நான் நம்புவது இதைத்தான்: ஸ்னாப்புக்கும் (பந்து பின்னால் தரப்பட்டு ஆட்டம் தொடங்கும் கணம்) பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் போவதற்கும் இடைப்பட்ட இரண்டு, மூன்று வினாடிகள். அந்த நேரத்தை எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தற்காப்பு அணியில் எல்லோருக்கும் பின்னால், பந்து இருக்கும் கோட்டிலிருந்து 10 முதல் 15 கஜம் தள்ளி நிற்பவர்கள் சேஃப்டிகள். வழக்கமாக இரண்டு பேர். அவர்களைத் தாண்டிவிட்டால் எதிரணிக்கும் டச்டவுனுக்கும் நடுவே யாருமில்லை. முன்வரிசையில் ஒருவர் தப்பு செய்தால் பின்னால் காப்பாற்ற ஆள் உண்டு, சேஃப்டிக்கு அது கிடையாது. அதனால்தான் அவர் மற்றவர்களைவிட முன்னதாகவும் சரியாகவும் ஆட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் படி: சரியான காட்சியைத் தேடுங்கள்

தொலைக்காட்சி ஒளிபரப்பை மட்டும் வைத்து சேஃப்டியை எடைபோட முடியாது. கேமரா பந்தைத் தொடர்கிறது, சேஃப்டி திரைக்கு வெளியே நிற்கிறார். உயரத்திலிருந்து 22 பேரையும் ஒரே சட்டத்தில் காட்டும் பயிற்சியாளர் காட்சிதான் வேண்டும். ஆல்-22 என்பார்கள். என்எஃப்எல் ஆட்டங்களுக்கு இது சந்தா கட்டினால் கிடைக்கும். கல்லூரி ஆட்டங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். கிடைக்காதபோது எண்ட் சோன் பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளேக்களை விடாதீர்கள். சேஃப்டியின் கால் தெரிகிற ஒவ்வொரு காட்சியும் பொன்.

சிறப்புக் காட்சித் தொகுப்பை முதலில் பார்க்க வேண்டாம். அதில் இருப்பது முடிவு மட்டுமே. முழு ஆட்டங்கள் மூன்றோ நான்கோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று அவருடைய அணி தோற்றதாக இருக்கட்டும். இன்னொன்று, நல்ல குவார்ட்டர்பேக்கை எதிர்த்து ஆடியதாக இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்தையும் குறைந்தது இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை சேஃப்டியை மட்டும் பார்க்க வேண்டும். பந்து எங்கே போனாலும் கண் அவரை விட்டு அகலக் கூடாது. இது சொல்வதுபோல எளிதல்ல, பந்து கண்ணை இழுக்கும். சேஃப்டிக்கும் அதே சோதனைதான் என்பதை இந்தப் பழக்கத்திலேயே உணர்வீர்கள்.

இரண்டாம் படி: ஸ்னாப்புக்கு முன்

ஸ்னாப்புக்கு ஒரு வினாடி முன் காட்சியை நிறுத்துங்கள். எத்தனையாவது டவுன் (10 கஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), இன்னும் எத்தனை கஜம், பந்து எந்த ஹாஷில், ரிசீவர்கள் (வீசிய பந்தைப் பிடிப்பவர்கள்) எப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சேஃப்டியைப் பாருங்கள். கையைக் காட்டுகிறாரா? பக்கத்து கார்னர்பேக்கிடம் (வெளிப்பக்க ரிசீவரைக் காப்பவர்) ஏதாவது சொல்கிறாரா? எதிரணி ஆள் ஒருவர் குறுக்கே நகரும்போது இவரும் சக ஆட்டக்காரர்களை நகர்த்துகிறாரா, அல்லது யாராவது சொல்வதற்காகக் காத்திருக்கிறாரா? தொழில்முறை அணிகள் சேஃப்டியிடம் முதலில் எதிர்பார்ப்பது இந்த வாயும் கையும்தான்.

ஹாஷ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பந்தை ஹாஷ் கோடுகளின் மேலோ நடுவிலோதான் வைப்பார்கள். கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி. என்எஃப்எல்லில் வெறும் பதினெட்டரை அடி. ஆக, கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் மறுபக்கம் பெரிய வெட்டவெளி. அந்த அகலப் பக்கத்தைக் காக்கும் சேஃப்டிக்குப் பரப்பு அதிகம், குறுகிய பக்கத்துச் சேஃப்டிக்குக் குறைவு. ஒருவர் 'நிறைய தூரம் கவர் செய்கிறார்' என்றோ 'கவர் செய்யவே இல்லை' என்றோ எழுதுவதற்கு முன், எந்தப் பக்கம் நின்றார் என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்னாப்புக்கு முன்பே ஆட்டத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சேஃப்டி இல்லை, ஒரு கார்னர்பேக். 2015 பிப்ரவரி 1, சூப்பர் பௌல். நியூ இங்கிலாந்து நான்கு புள்ளிகள் முன்னிலை. சியாட்டலுக்கு எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம், ஆட்டத்தில் மிச்சம் அரை நிமிடத்துக்கும் குறைவு. வலப்பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். டிராஃப்டில் யாருமே எடுக்காமல் அணிக்கு வந்த மால்கம் பட்லர் அந்த அமைப்பைப் பார்க்கிறார். பயிற்சியில் இதே அமைப்பிலிருந்து வந்த இதே பாஸில் ஏமாந்தவர் அவர். முன்னால் நின்ற ரிசீவரை பிராண்டன் பிரௌனர் முட்டி நிறுத்த, பின்னால் நின்ற ரிக்கார்டோ லாக்கெட் உள்ளே திரும்புகிற இடத்துக்கு பட்லர் அவருக்கு முன்பே போய்விட்டார். இன்டர்செப்ஷன். 28-24, கோப்பை நியூ இங்கிலாந்துக்கு.

இதை உள்ளுணர்வு என்று ஒரு சொல்லில் கடந்துபோகலாம். ஆனால் அந்த உள்ளுணர்வுக்குள் இருந்தது பயிற்சியில் பட்ட அடியும், அதை மறக்காத நினைவும், நினைவு சொன்னதை அந்தக் கணத்தில் நம்பிய துணிச்சலும். சேஃப்டியிடமும் இந்த மூன்றைத்தான் தேடுகிறோம்.

மூன்றாம் படி: முதல் அடி

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். இங்கே அவசரப்படாதீர்கள்.

ஸ்னாப் ஆனதும் நல்ல சேஃப்டி பந்தைப் பார்ப்பதில்லை. அவருக்கென்று ஒரு 'கீ' உண்டு. யாரைப் பார்த்தால் எதிரணியின் எண்ணம் தெரியுமோ, அவர்தான் கீ. கிரிக்கெட்டில் நல்ல மட்டையாளர் கூக்ளியைப் பந்து தரையில் பட்ட பிறகு கண்டுபிடிப்பதில்லை, பந்து வீசுகிறவரின் கையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். அந்த மாதிரிதான் இதுவும்.

பெரும்பாலும் முதல் கீ எதிரணியின் முன்வரிசை ஆட்கள். அவர்கள் தலைக்கவசம் தாழ்ந்து முன்னால் பாய்ந்தால் ரன், அதாவது பந்தைச் சுமந்து ஓடும் ஆட்டம். தலை நிமிர்ந்து பின்னால் நகர்ந்தால் பாஸ், அதாவது பந்தை வீசும் ஆட்டம். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்கிற ப்ளே ஆக்ஷனில், பொய் சொல்வது குவார்ட்டர்பேக்கின் கை. முன்வரிசையால் அவ்வளவு எளிதாகப் பொய் சொல்ல முடியாது. குவார்ட்டர்பேக் எவ்வளவு அழகாக நடித்தாலும் முன்வரிசை ஆளின் தலை நிமிர்ந்திருப்பதைப் பார்த்த சேஃப்டி முன்னால் ஓடமாட்டார்.

இரண்டாவது கீ, வெளியிலிருந்து உள்ளே எண்ணினால் இரண்டாவதாக வரும் ரிசீவர். நான்கு பேர் ஆழப் பகுதியைப் பங்கிட்டுக் காக்கும் கவர் 4 என்னும் அமைப்பில் சேஃப்டியின் கண் இவர் மேல் இருக்கும். இவர் நேராக ஆழத்துக்கு ஓடி வந்தால் சேஃப்டி அவரை எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் சீக்கிரமே வெளிப்பக்கம் திரும்பிவிட்டால், அடுத்த கணமே பார்வை முதல் ரிசீவருக்கு மாற வேண்டும், ஏனென்றால் அவர் உள்பக்கமாக வெட்டி வர வாய்ப்பு அதிகம். இந்தப் பார்வை மாற்றத்தைக் கல்லூரி சேஃப்டி ஒருவர் தலையைத் திருப்புவதிலேயே நீங்கள் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது ரிசீவர் வெளியே திரும்பியும் இவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றால், எழுதி வையுங்கள்.

மூன்றாவது கீ குவார்ட்டர்பேக்கின் உடல். எத்தனை அடி பின்னால் வைத்தார், தோள் எந்தப் பக்கம் திறந்தது, பந்தைப் பிடித்திருந்த இரண்டாவது கை எப்போது விலகியது. அந்தக் கை விலகினால் வீச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். மிகச் சிறந்த சேஃப்டிகள் அந்தக் கணத்தில் திரும்பிவிடுகிறார்கள். சுமாரானவர்கள் பந்து காற்றில் தெரிந்த பிறகு திரும்புகிறார்கள்.

சரி, இதை எப்படி அளப்பது? ஸ்னாப்பில் நிறுத்தி, காட்சியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். அவர் முதல் கால் எந்தத் திசையில் போனது? போனது சரியான திசையா? தவறு என்றால் திரும்ப எத்தனை அடி வீணானது? ஒரு ஆட்டத்துக்கு 60, 70 முறை இதைக் குறிக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் இரண்டு ஆட்டம் முடிந்ததும் அந்த ஆளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் ரன்னா பாஸா என்பதைக் குவார்ட்டர்பேக் ஸ்னாப்புக்குப் பிறகு முடிவு செய்கிற ஆர்பிஓ ஆட்டங்கள் ஏராளம். அவற்றில் முன்வரிசை உண்மையாகவே ரன்னுக்குத் தடுக்கிறது, அதே நேரம் பந்து பாஸாகப் போகிறது. பாஸ் ஆட்டத்தில் முன்வரிசை ஆட்கள் கோட்டைத் தாண்டி 3 கஜம் வரை போகலாம் என்று கல்லூரி விதி இடம் கொடுக்கிறது. என்எஃப்எல்லில் 1 கஜம்தான். அதாவது கல்லூரி சேஃப்டியின் கீயே அவருக்குத் தவறான செய்தி சொல்லக்கூடும். ஆர்பிஓவில் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டார் என்பதற்காக ஒரு பையனைக் கழித்துவிடாதீர்கள். நீளமான ப்ளே ஆக்ஷனில், முன்வரிசை பின்வாங்குவது தெளிவாகத் தெரிந்தும் ஏமாந்தாரா என்று பாருங்கள். அங்கே ஏமாந்தால் அது அவர் தவறு.

நான்காம் படி: படித்தாரா, ஊகித்தாரா

இன்டர்செப்ஷன் எண்ணிக்கை ஆளை மயக்கும். சேஃப்டி எட் ரீட் பெயரைச் சொன்னதும் எல்லோரும் 64 என்ற எண்ணைச் சொல்வார்கள். மயாமி பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, 2002 டிராஃப்டில் 24ஆவதாக ரேவன்ஸ் எடுத்த அவர் மூன்று பருவங்களில் லீக்கிலேயே அதிக இன்டர்செப்ஷன் எடுத்தவர். பறித்த பந்தோடு அவர் ஓடிய மொத்தத் தூரம் 1,590 கஜம். ரீடின் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பந்தைப் பிடிக்கும் காட்சியல்ல. அதற்கு முன் அவர் நிற்கும் நிலை. குறிப்பிட்ட ஒரு பக்கம் காலியாக இருப்பதுபோல் குவார்ட்டர்பேக்குக்குக் காட்டிவிட்டு, அவர் கை விலகும் கணத்தில் அங்கே பாய்வார். இது சூதாட்டம்போலத் தோன்றும். ஆனால் எதிராளியின் பழக்கத்தைப் படித்து வைத்தவர் விரிக்கும் வலை அது.

கல்லூரிப் பையன் ஒருவர் இதே போலப் பாயும்போது அது வலையா, குருட்டு அதிர்ஷ்டமா? கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி, எதிரணி ஏமாற்ற முயன்ற ஸ்னாப்களைத் தேடிப் பார்ப்பதுதான். குவார்ட்டர்பேக் வீசுவதுபோல் கையை ஆட்டிவிட்டு வீசாமல் நிறுத்தும்போது இவர் என்ன செய்தார்? ரிசீவர் வெளியே திரும்புவதுபோல் காட்டி மறுபடி ஆழத்துக்கு ஓடும்போது? ஊகிப்பவர் அங்கே மொத்தமாகக் காணாமல் போயிருப்பார். படிப்பவர் ஏமாந்தாலும் ஒரு அடிதான் ஏமாந்திருப்பார், அவர் இடுப்பு இன்னும் திரும்பியிருக்காது. அதே அமைப்பு அந்த ஆட்டத்திலேயே இரண்டாம் முறை வரும்போது என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். முதல் பாதியில் வாங்கிய அடிக்கு மூன்றாவது கால்பகுதியில் பதில் சொல்கிற சேஃப்டியைப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும்.

ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் ஒரே கேள்வி: பந்து கையை விட்டபோது இவர் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருந்தாரா? யாரோ ஒருவர் கையில் பட்டுத் தெறித்து இவர் மடியில் விழுந்ததற்கு மதிப்பெண் இல்லை. மறுபக்கம், எண்ணிக்கை உண்மையைச் சொல்லும் நேரங்களும் உண்டு. மிடில் டென்னசி என்ற அதிகம் பேசப்படாத கல்லூரியில் கெவின் பயர்ட் 19 இன்டர்செப்ஷன் எடுத்தார். கம்பைனுக்கு அழைப்பே வரவில்லை. 2016இல் 64ஆவதாக டென்னசி டைட்டன்ஸ் எடுத்தது. மறு ஆண்டே ஒரே பருவத்தில் 8 எடுத்தார். நான்கு ஆண்டுகளில் 19 முறை ஒருவர் சரியான இடத்தில் இருந்தால், அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவதற்கு முன் காட்சியை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: வேகத்தைக் கணக்கில் வையுங்கள், அளவோடு

சின்னக் கணக்கு ஒன்று. 40 கஜத்தை 4.6 வினாடியில் ஓடுபவர் வினாடிக்குச் சராசரியாக 8.7 கஜம் போகிறார். இவரைவிட 0.1 வினாடி குறைவாக ஓடுகிறவர் 40 கஜ முடிவில் ஒரு கஜத்துக்கும் குறைவாகத்தான் முன்னால் இருப்பார். ஆனால் அரை வினாடி முன்னதாக ஆட்டத்தைப் புரிந்துகொண்டு கிளம்பியவருக்கு, ஓட்டம் பிடித்தபின் கிடைக்கும் முன்னிலை சுமார் 4 கஜம். ஹாமில்டன் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. 2017 கம்பைனில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஓபி மெலிஃபோன்வு 4.40 வினாடியில் ஓடி, 44 அங்குலம் நின்ற இடத்திலிருந்தே எம்பினார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். 56ஆவதாக ரெய்டர்ஸ் எடுத்தது. காயங்கள் அவரைப் படுத்தியது உண்மை, அதை மறைத்துப் பேசுவது தவறு. ஆனாலும் அந்த எண்கள் ஆட்டமாக மாறவே இல்லை. வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிப்படை வேகம் இல்லாதவர் எவ்வளவு படித்தாலும் என்எஃப்எல் ரிசீவரைப் பிடிக்க முடியாது. அந்த அடிப்படையைத் தாண்டிவிட்டால், அப்புறம் அரை வினாடிதான் பேசும்.

கூடவே ஓடுகிற கோணத்தையும் பாருங்கள். ஆள் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி ஓடுகிறாரா, இருக்கப்போகும் இடத்தை நோக்கியா? இதைப் புரிந்துகொள்ள இரண்டு முறை பார்த்தாலே போதும்.

ஆறாம் படி: ரன், ஸ்க்ரீன், மாறுவேடம்

ரன் ஆட்டத்தில் சேஃப்டியின் உள்ளுணர்வு கட்டுப்பாடாக வெளிப்படும். சந்து திறக்கும் இடத்துக்கு விரைந்து வர வேண்டும், கடைசி மூன்று அடியில் வேகத்தைக் குறைத்து உடலைத் தாழ்த்த வேண்டும். ஆர்வத்தில் பாய்ந்து தவறவிடுபவர் பின்னால் 60 கஜம் காலியாக விட்டுவிடுகிறார்.

ஸ்க்ரீன் பாஸ் (முன்னால் தடுப்பவர்களை நிறுத்திவிட்டு, அவர்களுக்குப் பின்னால் வீசும் குட்டிப் பாஸ்) இன்னும் நல்ல சோதனை. பிரையன் பிரான்ச் அலபாமாவில் ஆடியபோது ரிசீவர்கள் தடுக்கத் தயாராகும் விதத்தைப் பார்த்தே ஸ்க்ரீனை மோப்பம் பிடித்து, தடுப்பவரைத் தாண்டி உள்ளே புகுந்துவிடுவார். 2022 பருவத்தில் எதிரணிக்குக் கஜம் இழக்கவைத்த 14 டேக்கிள்கள் (பந்து வைத்திருப்பவரைச் சாய்ப்பது) அவருடையவை. பின்னால் நிற்கும் வரிசையிலிருந்து வரும் ஒருவருக்கு அது அசாத்தியமான எண். கம்பைனில் 4.58 ஓடினார், 45ஆவதாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார்.

மாறுவேடத்துக்கு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சேஃப்டி ட்ராய் பொலமாலுவைப் பாருங்கள். 2010இல் டென்னசியுடனான ஆட்டத்தில் ஸ்னாப் நேரத்தைத் துல்லியமாகக் கணித்து, முன்வரிசையின் தலைக்கு மேலாகத் தாவி, குவார்ட்டர்பேக் கெர்ரி காலின்ஸ் நிமிர்வதற்குள் அவரைச் சாய்த்தார். எல்லோரும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கல்லூரிப் பையன் ஒரு இடத்தில் நின்று காட்டிவிட்டு, ஸ்னாப் ஆனதும் வேறொரு பொறுப்புக்குத் தாமதமில்லாமல் போகிறாரா என்று கவனியுங்கள். நிற்கிற இடத்தையே பார்த்து அவர் வேலையைச் சொல்லிவிட முடிகிறது என்றால், தொழில்முறை குவார்ட்டர்பேக்கும் சொல்லிவிடுவார்.

ஏழாம் படி: ஆண்டுகளை ஒப்பிடுங்கள்

ஒரே பருவத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நோட்ர டேமின் சேவியர் வாட்ஸ் ரிசீவராக வந்து சேஃப்டியாக மாறியவர். 2023இல் 7 இன்டர்செப்ஷன் எடுத்து, கல்லூரியின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாகுர்ஸ்கி விருது பெற்றார், அடுத்த ஆண்டு இன்னும் 6. ரிசீவராக இருந்ததால் வந்த புத்தி எது, சேஃப்டியாகக் கற்றது எது என்று பழைய காட்சிகளோடு வைத்துப் பார்த்தால் தெரியும். 2025இல் 96ஆவதாக அட்லாண்டா எடுத்தது. முதல் வருடம் ஏமாந்த அதே மாதிரி நகர்வை இரண்டாம் வருடம் கண்டுபிடிக்கிற ஆளை நான் எப்போதும் பட்டியலில் மேலே ஏற்றுவேன்.

குறிப்பு எழுதும் விதம்

நீளமான வர்ணனை வேண்டாம். ஒரு ஸ்னாப்புக்கு ஒரு குறிப்பு போதும். நான் எழுதுகிற மாதிரி இதுதான்: 'மூன்றாவது டவுன், 7 கஜம். பந்து இடது ஹாஷ். 13 கஜ ஆழம், அகலப் பக்கம். கார்னரிடம் கை காட்டினார். இரண்டாவது ரிசீவர் 6 கஜத்தில் வெளியே, பார்வை உடனே முதல் ரிசீவருக்கு. முதல் அடி சரி. கை விலகியதும் கிளம்பினார். பந்து வேறு பக்கம் போனது.'

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? பந்து அவர் பக்கமே வரவில்லை, புள்ளிவிவரத் தாளில் இந்த ஸ்னாப்புக்கு அவர் பெயரே இருக்காது. என் குறிப்பேட்டில் இதற்கு முழு மதிப்பெண். இப்படிப்பட்ட குறிப்புகள் ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை சேர்கின்றன என்று எண்ணுங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லையென்றால், ஹாமில்டன் ஆடிய அந்த 2021 ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்செப்ஷன்கள் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, மற்ற ஸ்னாப்களில் அவர் கால் எங்கே போனது என்று முதலில் பாருங்கள்.